பேச்சில்லாப் பந்தி

நடுவில் இருப்பது வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், அப்படியே நடந்து ஒரு சுற்று வர வேண்டும், இவ்வளவுதான், இதற்குப் போய் எழுபத்திரண்டு வயதில் ஒருவன் தன் வீட்டு முன்னறையில் கால் தடுமாறி நிற்பானா என்றால், நிற்கிறேன். மணி நாலாகப் போகிறது. தரையில் ஒன்பதடி விட்டத்துக்குச் சாக்கட்டி வட்டம். நில அளவைத் துறையில் சங்கிலி இழுக்கிற ஆளாகச் சேர்ந்து, யாரிடமும் உட்கார்ந்து படிக்காமல் பரீட்சை எழுதி, வரைவாளராக ஓய்வு பெற்றவன் போட்ட வட்டம், ஒரு நூல் விலகியிருக்காது. வடக்கில் மண்ணுக்கு ஒரு கிண்ணம் உப்பு, கிழக்கில் காற்றுக்கு ஊதுபத்தி, தெற்கில் நெருப்புக்கு மெழுகுவத்தி, மேற்கில் தண்ணீருக்கு ஒரு செம்பு. திசையில் பிழையில்லை, கால்தான் பிழை. ஒரு மாதமாக நான் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம், சீமையிலிருந்து இந்த வழிபாட்டைச் சொல்லித் தருகிற ஹேசல் போனில் முகம் பார்த்துப் பேசும்போது நடந்து காட்டச் சொன்னாள், காட்டினேன், பாதிச் சுற்றில் சிரித்துவிட்டாள். மிஸ்டர் பிள்ளை, அது வட்டத்தைக் கலைக்கிற நடை, கட்டுகிற நடை மறுபக்கம், ஒரு மாதமாகக் கட்டுவதாக நினைத்துக் கலைத்திருக்கிறீர்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திசைகாட்டியோடு முப்பத்தைந்து வருஷம் அலைந்தவனுக்கு வலம் எது இடம் எது என்று தெரியாதா. தெரியும். காலுக்குத்தான் வேறொன்று தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் குளத்தங்கரை முக்கில் ஒரு பிள்ளையார் இருந்தார், பாதை அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போகும், மற்றப் பிள்ளைகளெல்லாம் அவரை வலமாக வைத்துப் போவார்கள், எங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் அந்தப் பக்கம் போனால் வீட்டில் அடி. மறந்து போய் ஒருநாள் அந்தப் பக்கம் போனதற்கு அம்மா கெண்டைக்காலில் போட்ட புளிய விளார் இன்னும் அங்கேயே இருக்கிறது போல. நடுவில் எது இருந்தாலும் இடது கைப் பக்கம் விட்டுப் போ என்று கால் கற்றுக்கொண்டுவிட்டது. எந்த வேதத்தையும் காலால்தான் முதலில் படிக்கிறோம். சரி, இன்றைக்கு மாற்று. இடது காலை எடுத்து வை. ஒன்று. இரண்டு. உப்பைத் தாண்டி ஊதுபத்தி, பிறகு மெழுகுவத்தி, பிறகு செம்பு, மறுபடியும் உப்பு. வந்துவிட்டது. கெண்டைக்கால் கூசுகிறது. கூசட்டும்.

ஒத்திகை போதும், அடுப்பைப் பார்க்க வேண்டும். உளுத்தம்பருப்புச் சோறு ஒரு விசில் கூடினால் குழைந்துவிடும், எள்ளுத் துவையலுக்கு எள்ளை வறுக்கும்போது கண்ணை எடுக்கக்கூடாது, இதெல்லாம் என் மனைவி பாக்கியசீலி சொல்லித் தந்ததல்ல, அவள் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை, நான் அடுக்களைப் பக்கம் போகவே இல்லை, அவள் போன பிறகு தீய்த்துத் தீய்த்துக் கற்றுக்கொண்டேன். இன்று அக்டோபர் முப்பத்தொன்று. ஹேசல் கூட்டத்தாருக்கு வருஷத்தில் எட்டுப் பண்டிகை, அதில் இறந்தவர்களுக்கு உரியது இன்றைய சாயங்காலம், இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவே உள்ள திரை இன்றைக்கு மெலிந்திருக்கும் என்கிறார்கள். அங்கே இலை உதிர்ந்து நிலம் சாகிற காலம். இங்கே ஐப்பசி, மழை பிடித்து மூன்று நாளாகிறது, காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி, எது சாகிறது இங்கே. எங்கள் மண்ணுக்கு இது முளைக்கிற காலம் ஹேசல் என்று எழுதினேன். அப்படியென்றால் உங்கள் மண் சொல்வதைக் கேளுங்கள், புத்தகத்தை அல்ல என்று பதில் போட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுபது வருஷத்தில் எந்த ஆலயத்திலும் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்றைய பந்தி இப்படி: இறந்தவருக்கு ஒரு தட்டு, நமக்கு ஒரு தட்டு, எதிரெதிரே. முதலில் அவருக்குப் பரிமாற வேண்டும். எல்லாம் தலைகீழ், பாயசத்தில் ஆரம்பித்துச் சோற்றில் முடிக்க வேண்டும். உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் வந்தவர் போய்விடுவார். நாற்பத்தொரு வருஷம் அவள் எனக்குப் பரிமாறினாள், நான் கைகழுவி எழுந்த பிறகு அடுக்களைக்குள் நின்றபடியே சாப்பிட்டாள், அவள் எத்தனை கவளம் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. எண்ணூறு ஏக்கர் கண்மாயின் சுற்றளவு இன்றைக்கும் மனப்பாடம், இது தெரியாது. உன் தட்டில் எவ்வளவு சோறு வைக்க, பாக்கியம்? ஒரு கரண்டியா, இரண்டா? எள் தீய்கிற வாசம். இல்லை, நல்லவேளை.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். எபனேசர். பாக்கியசீலியின் கடைசித் தம்பி, என் மச்சினன், சபைக் கமிட்டியில் இரண்டாவது தடவையாக இருக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு, வட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டான். "உள்ள வாடே" என்றேன். "இருக்கட்டும் அத்தான், இங்கனயே நிக்கேன். ஆறு மணிக்கு ஐயர் வாராவ." எங்கள் பக்கம் சபையின் குருவானவரை ஐயர் என்போம். "தெரியும், கடுதாசி வந்திச்சு." "அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியளா, இல்ல அதையும் மெழுவத்தியில காட்டிட்டியளா?" படித்தேன். அஞ்ஞானப் பழக்கங்களில் ஈடுபடுவதாகத் தெரியவருகிறது, மனந்திரும்பியதாக அறிவிக்காவிட்டால் பெயர் சபைப் பட்டியலிலிருந்து நீக்கப்படும், சபை அங்கத்தினருக்குரிய கல்லறை இடமும் இல்லாமல் போகும். ஆலயத்தின் பின்னால் வேப்பமரத்துக்குக் கீழே பாக்கியசீலி கிடக்கிறாள், அவளுக்கு இடது பக்கம் ஆறடிக்கு மூன்றடி எனக்கு விட்டு வைத்திருக்கிறது, கல்லில் கோயில்பிள்ளை என்று என் பெயரும் பிறந்த தேதியும் வெட்டியாகிவிட்டது, பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் வெறுங்கல். "அத்தான், எங்க அக்காவுக்குப் படையல் போடுதியளாமே, நெசமா?" "சாப்பாடு போடுதேன்." "ரெண்டும் ஒண்ணுதான. நம்ம பூட்டன் காலத்துல பனையில ஏறிட்டுக் கெடந்தவங்க, அடிபட்டு, கெணத்துல தண்ணி எடுக்க விடாம அடைச்சும், எல்லாத்தையும் விட்டுட்டு வேதத்துக்கு வந்தாவ. நாலு தலமொறைக்கு அப்புறம் நீங்க திரும்பப் போறிய. அதுவும் ஒரு வெள்ளக்காரி பேச்சக் கேட்டு." "அவங்களும் ஒரு வெள்ளக்காரன் பேச்சக் கேட்டுத்தாண்டே வந்தாவ." சிரிப்பை அடக்கிக்கொண்டான் என்று நினைக்கிறேன், அக்காளைப் போலவே அவனுக்கும் சிரிப்பு மூக்கில்தான் வரும். "பிசாசு வெளையாடுது அத்தான்." "இவங்களுக்குப் பிசாசே கெடையாதுடே. ஒரு தாய், ஒரு தகப்பன், நெலா, சூரியன், மண்ணு, யாருக்கும் கேடு நெனைக்காத, நெனைச்சா மூணு மடங்காத் திரும்பி வரும், இவ்வளவுதான். பிசாச நம்புதது நீயும் ஐயரும்." "ஊருல சர்வேயரு செய்வினை செய்யுதாருன்னு பேசுதாவ. எதுத்த வீட்டு ஸ்டெல்லா பிள்ளைய ஒங்க வாசப் பக்கமே விடமாட்டுக்கா." "அந்தப் பிள்ளைக்குத்தான் கணக்குச் சொல்லிக் குடுத்தேன் போன வருஷம், தொண்ணூத்தெட்டு வாங்கிச்சு, அதுவும் செய்வினைதானோ?" அவன் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா அங்க தனியாவா கெடக்கணும்?" என்றான். அவன் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், ஐயர் ஒரு வழி வச்சிருக்காவ, அவிய சொல்லுதத மட்டும் கேட்டுக்கிடுங்க" என்று ஸ்கூட்டரை உதைத்தான், இரண்டாம் உதையில்தான் கிளம்பிற்று.

தனியாவா கெடக்கணும். வெங்காயம் உரிக்கும்போது அதுவே ஓடுகிறது, நறுக்கும்போதும். தனியாகவா. மண்ணுக்குள் பக்கம் என்றும் தூரம் என்றும் உண்டா? நான் அளந்த நிலமெல்லாம் மேல்தளம்தான், அடியில் எல்லைக்கல் போனதில்லை. ஆனாலும் ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது, அந்த மூன்றடி எனக்கு வேண்டும். அவள் இடது பக்கம்தான் எப்போதும் நான் படுப்பது. பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம், கோயில்பிள்ளை? இந்த வட்டத்தில் உனக்கு என்ன கிடைத்தது? நிலாவைத் தாய் என்றால் உனக்கு ஏதாவது நடுங்குகிறதா? சில நாள் ஒன்றுமே இல்லை, மொட்டை மாடியில் பௌர்ணமிக்கு நின்று கைகளை உயர்த்தியபோது தோள்பட்டை வலித்தது, அவ்வளவுதான். முடித்ததும் வாயில் தானாக ஆமென் என்று வந்துவிட்டது, நோட்டில் எழுதி வைத்தேன், எல்லாப் பிழையையும் எழுதி வைக்கிறேன், கற்கிறவர்கள் அவரவர் கையால் ஒரு நோட்டு எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், ஒரு வருஷமும் ஒரு நாளும் படித்த பிறகுதான் நான் இதைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. நம்புகிறேனா? தெரியாது. மகள் பெனிட்டா வீட்டுக்கு லீட்ஸ் போயிருந்தபோது பக்கத்து வீட்டு ஹேசல் வேலிக்கு மேலே பிளம்ஸ் ஜாம் கொடுத்தாள், பஸ் ஓட்டுகிறவள், சீருடையோடு நின்றாள், நான் ஒரு சூனியக்காரி, பயப்படாதீர்கள், ஜாமில் ஒன்றும் இல்லை என்றாள். ஒரு மாதம் கழித்து, உங்கள் மனைவி பெயர் என்ன என்று கேட்டாள். பாக்கியசீலி. சொல்லத் தெரியாமல் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அன்று மாலை தோட்டத்து வட்டத்தில் அவர்கள் ஐந்தாறு பேர் குளிரில் நின்று அந்தப் பெயரைச் சொன்னார்கள், பாக்யா ஷீலி என்று. எப்படிச் செத்தாள் என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இங்கே இருந்தார்கள். அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் நினைவு கேட்கிறதா. கணையத்தில் புற்றுநோய் என்று சொன்ன இரண்டாவது வாரம் ஜெபக்குழு வந்தது, பழைய ஐயர் காலம், கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர், அதில் ஒரு அம்மாள் குனிந்து, பாக்கியம், எந்தப் பாவத்த மறைச்சு வச்சிருக்கே, அறிக்கை பண்ணிரு, சொகம் கெடைக்கும் என்றாள். பாக்கியசீலி என்னைப் பார்த்தாள். நான் சபையில் மூப்பன், கட்டிலின் கால்மாட்டில் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை. எழுபது நாள் அவள் தேடினாள். பெரிய சித்திகிட்ட வாங்கின பித்தளைக் கொடத்தத் திருப்பிக் குடுக்கலியோ, அதுவா இருக்குமோ. எபனேசரு சின்னதுல பால் கேட்டு அழுதப்ப ஒரு தடவ அடிச்சேன், அதுவா இருக்குமோ. கடைசி வாரம் ஓயாத வலியில், எனக்கு ஞாவகம் வரமாட்டுக்கே, நீங்க சொல்லுங்களேன், நான் என்ன செஞ்சேன் என்றாள். நான் அப்போதும் சொல்லவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை என்று மூன்று வார்த்தை. ஆண்டவர் சித்தத்துக்குக் குறுக்கே பேசுவதாகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். மனிதன் பாவத்தில் பிறக்கவில்லை, மண் பிறந்ததைப் போல மழை பிறந்ததைப் போல பிறந்தான், நோய் தண்டனை இல்லை, சாவு பாவத்துக்குக் கூலி இல்லை என்று ஹேசல் கொடுத்த காகிதங்களில் முதல் பக்கத்தில் இருந்தது. அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டிய வார்த்தை. அதற்காக நிலாவைப் பார்த்துக் கைதூக்கலாம். தோள்பட்டை போகட்டும்.

மழை விட்டிருக்கிறது, மேற்கே கொஞ்சம் செம்மை. ஐந்து ஐம்பது. வட்டத்துக்குள் சிறிய மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு. வலமாகச் சுற்றி வந்தேன், இந்தத் தடவை கால் மறுக்கவில்லை. பாயசத்தை அவளுக்கு முதலில் வைத்தேன். பிறகு எனக்கு. உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் வீடு எவ்வளவு பேசுகிறது, குளிர்ப்பெட்டி ஒரு தரம் இருமி அடங்கியது, சன்ஷேடில் தண்ணீர் சொட்டுகிறது, எங்கோ தவளை. எதிர் நாற்காலியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, பெண் பார்க்கப் போன அன்று போல. ஒன்றும் வரவில்லை. திரை ஒன்றும் விலகவில்லை. ஆனால் அவள் தட்டில் துவையல் வைக்கும்போது கை தானாக ஓரத்தில், சோறு படாத இடத்தில் வைத்தது, துவையல் சோற்றில் ஒட்டினால் அவளுக்குப் பிடிக்காது, அது எனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. எப்போது பார்த்தேன்? சோறு இரண்டு கரண்டி வைத்தேன். அப்போது வாசலில் நிழல். ஐயரும் பின்னால் எபனேசரும். ஐயருக்கு நாற்பது வயதுகூட இருக்காது, நல்ல மனுஷன், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தார், அந்தக் கட்டிலை அவர் பார்த்ததில்லை. நான் எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். எபனேசர் அவர் காதில், பேசக்கூடாதாம் ஐயரே, இது முடியுமட்டும் என்றான், எனக்காக அவன் அதைச் சொன்னான், அவனுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஐயர் வட்டத்துக்கு வெளியிலேயே நின்றார், கோட்டை மிதிக்காமல். "ஐயா, நீங்க பேசவே வேண்டாம். நானும் ஒங்களப் பேசச் சொல்லல" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. "கமிட்டிக்குத் தேவை ஒரு அறிவிப்பு. ஞாயித்துக்கிழமை நானே சொல்லிடுறேன், கோயில்பிள்ளை ஐயா அந்தப் பழக்கங்கள விட்டுட்டார்னு. நீங்க ஆலயத்துக்கு வரக்கூட வேண்டாம். மறுத்துப் பேசாம இருந்தாப் போதும். வீட்டுக்குள்ள நீங்க என்ன செய்தாலும் நான் வந்து பாக்கப் போறதில்ல. அம்மா பக்கத்துல ஒங்க இடம் ஒங்களுக்கு இருக்கும். இப்ப ஒண்ணும் சொல்லலேன்னா, சம்மதம்னு எடுத்துக்கிடுறேன்." எபனேசர் என்னைப் பார்க்கிறான். கெஞ்சுகிற பார்வை. எவ்வளவு நேர்த்தியான வழி. இந்தப் பந்தி பேசாதே என்கிறது, ஐயரும் பேசாதே என்கிறார், இரண்டு வேதமும் ஒரே வார்த்தையில் நிற்கின்றன, வாயை மூடிக்கொண்டிருந்தால் இவளும் போகமாட்டாள், அந்த மூன்றடியும் போகாது. எனக்கு வெகு நன்றாகத் தெரிந்த வேலை அது. கட்டிலின் கால்மாட்டில் நின்று கையைக் கட்டிக்கொள்வது. சன்ஷேடில் சொட்டுகிறது. ஒன்று. இரண்டு. ஐயர் சரி என்பது போலத் தலையசைத்துத் திரும்பினார்.

"விடல" என்றேன். ஒரு மணி நேரம்கூடப் பூட்டி வைக்காத குரல், அதற்குள் கரகரத்திருந்தது. "ஐயரே, நான் ஒண்ணையும் விடல. ஞாயித்துக்கிழம அப்படிச் சொன்னா நான் வந்து எந்திரிச்சு நின்னு இல்லம்பேன்." "அத்தான்" என்றான் எபனேசர். "பேரை அடிச்சிருங்க. கல்லுல உள்ளதையும் கொத்தி எடுத்துருங்க, எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன், வருத்தம்தான். ஆனா இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. பாக்கியசீலி ஒரு பாவமும் மறைக்கல. அவ நோயில செத்தா." ஐயருக்கு அது எதைப் பற்றியது என்று புரியவில்லை, எபனேசருக்குப் புரிந்தது, நிலையைப் பிடித்தபடி மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஐயர் ஜெபம் பண்ணவா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எபனேசர் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பந்தி கெட்டுப் போயிற்று. பேசினால் வந்தவர் போய்விடுவார் என்பது சட்டம், நான் பேசியாயிற்று, அதுவும் இத்தனை வார்த்தை. நோட்டில் எழுத வேண்டிய பிழைகளில் இதுதான் பெரிது, எழுதுவேன், ஆனால் பிழை என்று எழுதுவேனா என்பதை நாளைக்குப் பார்க்கலாம். எதிரே அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தேன், உப்பு குறைச்சல். "உப்புப் பத்தல பாக்கியம்" என்றேன், சத்தமாகவே. அப்புறம் நிறுத்த முடியவில்லை. இந்த ஏழு மாதம் படித்ததையெல்லாம் சொன்னேன், ஹேசலின் பஸ், வேலி, குளிரில் நின்று உன் பெயரைத் தப்புத் தப்பாகச் சொன்ன ஐந்தாறு பேர், எல்லாம். சாப்பிட்டுக்கொண்டே, வாயில் சோற்றோடு, நாற்பத்தொரு வருஷம் பேசாத பேச்சையெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.